இணைச்சீரும் ஒன்பது மணிக் கதவும்

ஆனைமலை காளிச்சாமிக்குத் தேங்காய் வியாபாரம். தோப்புக்காரர் விலை சொன்னால் அது காதில் விழாத மாதிரி ஒரு காயைக் காலால் உருட்டிப் பார்ப்பார். காய் சின்னது என்பார். போன வெட்டில் பாதி அழுகல் என்பார். அப்புறம், "சரிங்க, நீங்களே வெச்சுக்குங்க" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடையைக் கட்டிவிடுவார். வேலிப்படலைத் தாண்டுவதற்குள் பின்னாலிருந்து, "ஏனுங்க, சித்தே நில்லுங்க" என்று குரல் வரும். அவர் நடந்து, கூப்பிடாமல் விட்ட தோப்பு ஆனைமலை சுற்றுவட்டாரத்தில் கிடையாது. அதனால் மனுசனுக்கு ஒரு எண்ணம் உடம்போடு ஊறிப்போயிருந்தது. உலகத்தில் எதற்கும் சொல்கிற விலை ஒன்று, கொடுக்கிற விலை ஒன்று. அச்சடித்து வருகிற விதிகளையும் அவர் சொல்கிற விலைக் கணக்கில்தான் சேர்த்து வைத்திருந்தார்.

அந்த ஆவணியில் அவர் வீட்டுக்கு அப்படியொரு விதித்தாள் வந்தது. கோயமுத்தூர் காந்திபுரத்திலுள்ள ஒரு கம்ப்யூட்டர் சென்டர், ஜில்லாவிலுள்ள பிளஸ் டூ மாணவர்களுக்குக் கம்ப்யூட்டரில் தட்டச்சுப் போட்டி வைத்தது. கையால் எழுதிய ஒரு பக்கத்தைக் கொடுப்பார்கள். அதைப் பார்த்து அடித்து, ஓரம் விட்டு, தலைப்பைத் தடித்த எழுத்தாக்கி, கட்டம் போட்டு, சேமித்து, ஒரே தடவை அச்செடுத்துக் கொடுக்க வேண்டும். பிழைக்கு மதிப்பெண் குறையும். பக்கத்து மிசினைத் திரும்பிப் பார்த்தால் வெளியே. கரண்ட் போனால் சேமித்தது மட்டும்தான் கணக்கு. சீருடையில் வர வேண்டும். ஒன்பது மணிக்குக் கதவைச் சாத்திவிடுவார்கள். முதல் மூன்று இடத்துக்கு வருகிறவர்களுக்கு அடுத்த வருசம் அந்த சென்டரிலேயே கம்ப்யூட்டர் படிப்புக்கு இலவச இடம், ஹாஸ்டலோடு.

காளிச்சாமியின் மகள் மோகனப்பிரியா அதில் பேர் கொடுத்திருந்தாள். ஊரில் கண்ணையா, தான் நடத்தும் டைப் இன்ஸ்டிட்யூட்டில் புதிதாக ஒரு கம்ப்யூட்டர் வாங்கி, அதற்குத் தனி அறை, தனி மின்விசிறி, செருப்பைக் கழற்றச் சொல்லி ஒரு பலகை எல்லாம் வைத்திருந்தார். அந்த அறையில் சாயங்காலம் முழுக்க உட்கார்ந்திருப்பது இந்தப் பெண்தான். பிளஸ் டூ முடிந்ததும் மாப்பிள்ளை பார்க்கலாம் என்று சொந்தக்காரர்கள் இரண்டு பேர் ஏற்கெனவே வந்து காப்பி குடித்துவிட்டுப் போயிருந்தார்கள். மகள் மூன்று நாள் சரியாகச் சாப்பிடாமல் இருந்ததில் காளிச்சாமி ஒரு வாக்குக் கொடுத்தார்: "பரிசு வாங்கிட்டு வா கண்ணு, கோயமுத்தூருக்கு அனுப்பறேன். வாங்காட்டி நான் சொல்றதக் கேக்கோணும்." ஜெயிக்க மாட்டாள் என்று நினைத்துத்தான் கொடுத்தார். ஆனாலும் வியாபாரி வாக்கு. கொடுத்தது கொடுத்ததுதான்.

சிக்கல் தேதியில் வந்தது. போட்டி நடக்கும் ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் மூத்தவன் மோகன்குமாருக்கு ஆனைமலையில் கல்யாணம். மாப்பிள்ளைக்குக் கூடப் பிறந்தவள் பேழையைப் பிடித்துப் பக்கத்தில் நிற்க, கூறைச்சேலையின் ஒரு முனை அண்ணனிடமும் மறுமுனை தங்கையிடமுமாக இணைச்சீர் செய்யாமல் அந்தச் சாதிசனத்தில் எவனும் தாலி எடுத்ததில்லை. இருக்கிற தங்கை இவள் ஒருத்தி.

"ஒம்பது மணிங்கறதப் பதினொண்ணாக்கிட்டா ரெண்டும் ஆச்சு" என்றார் காளிச்சாமி. இரண்டு பஸ் மாறிக் காந்திபுரம் போனார்.

சென்டரை நடத்துகிறவர் பங்காரம்மா. மில்லும் பஞ்சுமாகப் பழகிய குடும்பத்துப் பெண். நாற்பது வயதிருக்கும். மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துப் பேசுகிறவர்.

"வாங்க, உக்காருங்க. என்ன விசயமா வந்தீங்க?"

"ஒண்ணுமில்லீங்க அம்மணி. இந்தப் பக்கம் ஒரு சோலியா வந்தனுங்க. அப்படியே எட்டிப் பாத்துட்டுப் போலாம்னு. எம்புள்ள ஒண்ணு போட்டிக்குப் பேரு குடுத்திருக்குது."

கல்யாணத்தைப் பற்றி அவர் மூச்சு விடவில்லை. அவசரத்தைக் காட்டினால் எதிராளி விலையேற்றுவான் என்பது தேங்காய் தொட்ட நாளிலிருந்து தெரிந்த பாடம்.

"மோகனப்பிரியா. ஆனைமலை. இருக்குதுங்க" என்றார் பங்காரம்மா, தாள்களைப் புரட்டி.

"அந்த ஒம்பது மணிங்கறத ஒரு பதினொண்ணுன்னு வெச்சுக்குங்களே."

"ஒம்பது மணிக்கு எல்லாரும் உள்ள இருக்கோணுங்க. யாரு எந்த மிசின்லங்கறதுக்கு அப்பத்தான் சீட்டெடுப்போம்."

"சரி, பத்தரை."

"ஒம்பதுங்க."

"நீங்களும் கொஞ்சம் எறங்கோணும், நானும் எறங்கோணும். பத்துன்னு முடிச்சுக்கலாம்."

"இதுல எறங்கறதுக்கு ஒண்ணுமில்லீங்க. எல்லாருக்கும் ஒரே மணி."

காளிச்சாமி சிரித்தார். சொந்தத் தொழிலில் ஒரு பெண் இவ்வளவு கெட்டியாக நிற்பதைப் பார்க்க அவருக்குப் பிடித்துக்கூட இருந்தது. கடைசி ஆயுதத்தை எடுத்தார்.

"புள்ளைக்கும் ஒண்ணும் பெரிய இஷ்டமில்லீங்க. வாத்தியார் சொன்னாருன்னு பேரக் குடுத்துட்டோம். ஆகலீனா விட்டுருங்க. எங்களுக்கு ஒண்ணும் நட்டமில்லை."

"அப்பப் பேர எடுத்தறலாமுங்களா?"

"எடுத்துக்குங்க" என்றார். துண்டை உதறித் தோளில் போட்டார். நடந்தார்.

மாடிப்படியில் மெதுவாக இறங்கினார். திருப்பத்தில் நின்று செருப்பின் வாரைச் சரி பண்ணினார். வாரில் ஒரு கோளாறும் இல்லை. கீழே வந்து எதிர்க் கடையில் டீ சொல்லி, மாடி ஜன்னல் தெரிகிற பக்கமாக நின்று குடித்தார். ஜன்னலில் பங்காரம்மா போனில் யாரோடோ பேசிக்கொண்டிருந்தது தெரிந்தது. அவர் இந்தப் பக்கம் திரும்பவேயில்லை. காளிச்சாமி இன்னொரு டீ குடித்தார். பொள்ளாச்சி பஸ் வந்து, அவருக்காகச் சற்று நின்று, போய்விட்டது. அடுத்த பஸ்ஸில் ஏறும்போதும் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். யாரும் கூப்பிடவில்லை.

வீட்டில் கல்யாணக் களை கட்டியிருந்தது. சாரல் விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்ததால் முன்கூடமான ஆசாரத்துக்குள்ளேயே பெண்கள் வட்டமாக உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள். சமையல்காரர் சந்தகைச் சேவைக்கு அரிசி ஊறப்போட இடம் தேடிக்கொண்டிருந்தார். காளிச்சாமியின் மனைவி பழனியம்மாள் வெங்காயக் கண்ணீரோடு நிமிர்ந்தாள்.

"ஏனுங்க, ஆச்சுங்களா?"

"ஆயிரும்."

"ஆயிருமுன்னா?"

அதற்குள் மோகனப்பிரியா இன்ஸ்டிட்யூட்டிலிருந்து நனைந்துகொண்டு வந்தாள். அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். வியாபாரி மகள். வெறுங்கையோடு வந்த முகத்துக்கும் விலை படிந்த முகத்துக்கும் வித்தியாசம் தெரியும்.

"என்ன சொன்னாங்கப்பா?"

"நான் ஒண்ணு சொன்னன், அந்தம்மணி ஒண்ணு சொல்லுச்சு. பேர எடுத்தறலாமான்னு கேட்டுது."

"நீங்க என்ன சொன்னீங்க?"

காளிச்சாமி கம்பத்தில் சாய்ந்து, கால் கழுவுகிற சொம்பைத் தேடினார்.

"அப்பா."

"எடுத்துக்குங்கன்னன் கண்ணு. அது ஒரு பேச்சுக்கு. அப்படிச் சொன்னாத்தான் கூப்புடுவாங்க."

"கூப்புட்டாங்களா?"

ஆசாரத்திலிருந்த பெண்கள் எல்லோரும் உரித்த வெங்காயத்தையே திரும்ப உரிக்கிற மாதிரி பாவனை செய்தார்கள்.

"நீங்க பேசுனது எம்பேருங்கப்பா" என்றாள் மோகனப்பிரியா. "தோப்புல கெடக்கற காயில்லீங்க." அழவில்லை. ஈரப் பாவாடையோடு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பழனியம்மாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "எந்த ஊருல படிச்ச பொம்பளை மாடியிலிருந்து எறங்கி ஓடியாந்து, சித்தே நில்லுங்கன்னு உங்களக் கூப்புடுவா? சொல்லுங்க."

"கூப்புடுவாங்கன்னு நெனச்சன்."

"நாளைக்குப் போயிக் கேளுங்க. பேர மறுக்காச் சேத்தச் சொல்லுங்க."

"போன கால்ல திரும்பிப் போனா, அப்பறம் அவங்க சொன்னதுதான் விலை புள்ள. ஒரு பைசா எறங்க மாட்டாங்க."

"எறங்க வேண்டாம். சொன்ன விலையவே குடுத்துட்டு வாங்க. கண்ணாலத்துக்கு வந்த ஒறம்பரை முன்னால அந்தப் புள்ள கதவச் சாத்திட்டுக் கெடக்குது. இணைச்சீருக்கு அது மூஞ்சியத் தூக்கிட்டு நின்னா பையனுக்கு நல்லாவா இருக்கும்?"

"நாளைக்குப் பந்தக்கால் போடறாங்களே."

"பந்தக்கால் உங்களக் கேட்டுட்டா நிக்குது?"

மறுநாள் விடிந்ததும் காளிச்சாமி கோயமுத்தூர் பஸ் ஏறினார். பஸ் உக்கடம் வரும்வரை பேசவேண்டியதை மனசுக்குள் அடுக்கிப் பார்த்தார். எப்படி அடுக்கினாலும் பொய்யில்தான் போய் முடிந்தது. வேறு ஏற்பாடு தெரியவில்லை.

பங்காரம்மா இவரைப் பார்த்ததும் பேனாவைக் கீழே வைத்தார். காளிச்சாமி உட்காரவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"அம்மணி, நேத்து நான் சொன்னதெல்லாம் பொய்யிங்க."

"எல்லாமேங்களா?"

"எனக்கு இந்தப் பக்கம் சோலி இல்லீங்க. இதுக்குன்னேதான் வந்தன். புள்ளைக்கு இஷ்டமில்லைன்னது பொய்யி. அதுக்கு இதுதான் இஷ்டம். ராத்திரி அது சோறு திங்கல. ஞாயித்துக்கெழமை எம்பையனுக்குக் கண்ணாலம். இணைச்சீருக்கு அது வேணும். அதுக்காவத்தான் மணியத் தள்ளச் சொன்னனுங்க."

"கண்ணாலம்னு நேத்தே சொல்லியிருக்கலாமுங்களே."

"சொன்னா விலையேத்திருவீங்கன்னு பயந்துட்டனுங்க."

பங்காரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எங்கப்பா திருப்பூர்ல பஞ்சுக் கமிசன் மண்டி வெச்சிருந்தாருங்க. நாங்க சேலை எடுக்கப் போனாக்கூட ஒருக்காவாச்சும் கடைப்படி எறங்காம எடுத்ததில்ல. நீங்க துண்ட ஒதறும்போதே தெரிஞ்சுபோச்சு."

"தெரிஞ்சும் கூப்புடலீங்களே?"

"கூப்புட்டிருந்தா இந்நேரம் பத்து மணிக்குக் கொண்டாந்து நிறுத்தியிருப்பீங்க."

காளிச்சாமி மேசைமேல் கிடந்த தாள்களைப் பார்த்தார். "இப்பப் பேரு?" என்றார். "எடுத்துப்போட்டீங்களா?"

"எடுக்கறதுன்னா புள்ள அதுவே வந்து சொல்லோணும். அப்பா சொன்னாருன்னு எடுத்தா, நாளைக்கு ஆளாளுக்கு வந்து எம்பொண்ணுக்கு நிச்சயமாயிருச்சு, பேர எடுங்கம்பாங்க. அதுக்காவவே அந்த விதியப் போட்டிருக்குது. பேரு அப்படியேதான் இருக்குதுங்க."

காளிச்சாமி அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்தார் என்பதைவிட, நாற்காலி அவரைத் தாங்கிக்கொண்டது என்று சொல்லலாம். நேற்று முழுக்க விதி என்று எதையெதை எடுத்துப் பேரம் பேசினாரோ, அதே கூட்டத்தில் ஒரு விதி அவர் பெண்ணை அவரிடமிருந்தே காப்பாற்றி வைத்திருக்கிறது. அவர் அதிகம் யோசிக்கிற ஆள் இல்லை. ஆனாலும் இது கொஞ்சம் உறைத்தது.

"அப்ப ஒம்பது மணிங்களா?" என்றார்.

"ஒம்பதுங்க."

"ஒம்பதேகா..." என்று வாய் தானாக ஆரம்பித்தது. பங்காரம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "இல்லீங்க. ஒம்பதுதான். கொண்டாந்து விட்டுர்றனுங்க."

கல்யாணத்தை நடத்தி வைக்கிற அருமைக்காரர் எண்பதை எட்டிய பெரியவர். முகூர்த்தம் ஆறரைக்கு மேல் ஏழரைக்குள். காளிச்சாமி அவரிடம் விசயத்தைச் சொன்னபோது, ஆச்சரியமாக, சுற்றி வளைக்காமல் சொன்னார்.

"இணைச்சீர வெடியறதுக்கு முன்ன வெச்சுக்கலாம்" என்றார் அருமைக்காரர். "சீரு முடிஞ்சா அம்மணி கடமை தீந்துது. தாலி கட்டும்போது நிக்கோணும்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா ஒறம்பரை வாயி இருக்குதே, அது என் கையில இல்லப்பா."

"அதை நான் பாத்துக்கறனுங்க."

"பாத்துக்க. கார்?"

கார் ஒன்றுதான் இருந்தது. மாப்பிள்ளை ஊர்வலத்துக்காகப் பொள்ளாச்சி ரசாக்கிடம் பேசிய வெள்ளை அம்பாசடர். பூ ஜோடனை எல்லாம் சொல்லியாகிவிட்டது. காளிச்சாமி மகனைப் பார்த்தார். மோகன்குமார் நலங்குமஞ்சள் முகத்தோடு வேட்டியை மடித்துக் கட்டினான்.

"கார் எனக்கெதுக்குங்கப்பா, மண்டபத்துலயிருந்து ஊடு இருக்கறது கூப்புடு தூரம். அது போவட்டும். நான் நடந்தே வாரேன்."

கல்யாணத்தன்று இருட்டு பிரியும்முன் மோகனப்பிரியா பட்டுடுத்திப் பேழையோடு அண்ணன் பக்கத்தில் நின்றாள். அருமைக்காரர் அரப்பும் சந்தனமும் வைத்தார். கூறைச்சேலை முனையை அவள் பிடித்திருந்த கையில் நகங்களை ஒட்ட வெட்டியிருந்தாள். மருதாணி போட மாட்டேனென்று முந்தின நாள் ஓரியாட்டம் பண்ணியிருந்தாள், விரல் வழுக்கும் என்று. மோகன்குமார் உதடு அசையாமல் அவளிடம் ஏதோ சொன்னான். அவளுக்குச் சிரிப்பு வந்து, அருமைக்காரர் முறைத்து, சீர் முடிந்தது.

சமையல்கட்டுக்குப் பின்னாலிருந்த சாமான் அறையில் நகைகளைக் கழற்றிச் சின்னம்மாவிடம் கொடுத்துவிட்டு நீலத் தாவணிச் சீருடைக்கு மாறினாள். சின்னம்மா கூட ஏறிக்கொண்டாள். சம்பங்கி மாலை தொங்கிய அம்பாசடரில் பள்ளிக்கூடத்துப் பெண் ஒருத்தி ஏறிப் போவதை நாதசுரக்காரர் வாசிப்பை நிறுத்தாமல் கண்ணால் தொடர்ந்தார்.

"ஏம்ப்பா ரசாக்கு, பாத்துப் போப்பா. வேகமாவும் போகோணும்" என்றார் காளிச்சாமி.

"ரெண்டுல ஒண்ணச் சொல்லுங்க கவுண்டரே" என்று சொல்லிவிட்டு ரசாக் கிளம்பினார்.

தாலி கட்டும்போது கேள்வி வந்தது. "புள்ள எங்க? இணைச்சீர்க்காரியக் காணோம்?" என்று முன்வரிசையிலிருந்து ஒரு சித்தப்பா கேட்டார். உள்ளே இருக்கிறாள் என்று சொல்லக் காளிச்சாமியின் வாய் எழுந்தது. அந்த வாரத்தில் ஒரு பொய்யைத் திரும்ப வாங்கப் பட்ட பாடு நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

"கோயமுத்தூருக்குப் போயிருக்குது. போட்டிக்கு."

"அண்ணன் கண்ணாலத்தன்னிக்கா?"

"அவங்க ஒம்பது மணிக்குக் கதவச் சாத்திருவாங்களாமா. நாமதான் எப்ப வேணா சாப்புடறோம். சந்தகை சூடா இருக்குது, பந்திக்கு வாங்க."

சித்தப்பா பந்திக்குப் போனார். வாய் சந்தகையிலும் தேங்காய்ப்பாலிலும் அடங்கியது. காளிச்சாமிக்கு ஒரு கவளம்கூட இறங்கவில்லை. கிணத்துக்கடவில் ரயில்வே கேட் சாத்தியிருக்குமோ, டயர் போயிருக்குமோ என்று வாசலுக்கும் பந்திக்குமாக நடந்தார். தாலி கட்டியதை அவர் பார்த்தாரா என்று கேட்டால் அவரால் சொல்ல முடியாது.

மத்தியானம் பந்தி முடிந்ததும் காய் ஏற்றிப் போகிற லாரியில் தொத்திக் காந்திபுரம் வந்தார். சென்டர் கூடத்தில் பிள்ளைகள் பெஞ்சிலும், பெற்றோர் சுவரோரமும். மோகனப்பிரியா நடுப் பெஞ்சில் குனிந்திருந்தாள். பங்காரம்மா தாளோடு முன்னால் வந்தார்.

முதலிடம் ஹர்ஷிணி என்றார். கோயமுத்தூர்ப் பெண். கை தட்டினார்கள். இரண்டாமிடம் ஜாஹிதா. கை தட்டினார்கள். காளிச்சாமி பங்காரம்மாவின் முகத்தையே பார்த்தார். எத்தனையோ தோப்புக்காரர்களின் முகத்தில் கடைசி விலையைப் படித்தவர். இந்த முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"மூணாவது, ஆனைமலை, மோகனப்பிரியா."

சின்னம்மாதான் முதலில் அழுதாள். காளிச்சாமி கை தட்ட மறந்து, துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டிருந்தார்.

"கோயமுத்தூருக்கு அனுப்புவீங்களாப்பா?" என்று மகள் வந்து கேட்டாள்.

"சொன்னது சொன்னதுதான் கண்ணு."

"கொறைக்க மாட்டீங்களே?"

"போ, கார்ல ஏறு."

பொள்ளாச்சி ரோட்டில் ஒரு புளியமரத்தடியில் காரை நிறுத்தச் சொல்லி, மண்டபத்திலிருந்து கொண்டுவந்த தூக்குப்போசியைத் திறந்தார். காலையிலிருந்து ஒன்றும் தின்னாதவள் ஒப்புட்டுப் போளியை நான்காக மடித்து வாயில் திணித்தாள். ரசாக்குக்கும் ஒன்று. காளிச்சாமி கடைசியாகத் தானும் எடுத்துக்கொண்டார். அன்றைக்கு அவர் தொண்டையில் இறங்கிய முதல் சோறு அதுதான். சாரல் விட்டிருந்தது. ஆனைமலை மேலே மேகம் பிரிந்து மலை முழுசாகத் தெரிந்தது.

வீட்டு வாசலில் கோலத்தை மிதித்துக்கொண்டு உறவுக்காரர்கள் பாதிப்பேர் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். பழனியம்மாள் விசயத்தைக் கேட்டு, "மூணாவதா? போதும்" என்று மட்டும் சொல்லி மகள் தலையை ஒருமுறை தடவினாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "உள்ள போயி அண்ணிகிட்டப் பேசு. தாலி கட்டும்போது நாத்தனாக்காரி இல்லைன்னு அது என்ன நெனச்சுதோ."

மோகனப்பிரியாவுக்கு அதுவரை இல்லாத பயம் அப்போது வந்தது. உள்ளறையில் புதுப்பெண் புவனா கனத்த பட்டும் கழுத்து நிறைய நகையுமாகப் பாயில் உட்கார்ந்து, ஒரு கையால் பின்கழுத்தைப் பிடித்து விட்டுக்கொண்டிருந்தாள். இவளைப் பார்த்ததும் எழப் போனாள்.

"உக்காருங்கண்ணி" என்றாள் மோகனப்பிரியா. நிலைப்படியிலேயே நின்றாள். "தாலி கட்டுனப்ப நான் இல்லீங்க. தப்பா நெனச்சுக்காதீங்க."

"நானுந்தான் பாக்கலீங்க அம்மணி" என்றாள் புவனா. "குனிஞ்ச தலைய நிமுர உட்டாத்தானே. கெட்டிமேளம் கேட்டப்பறந்தான் கட்டிப்போட்டாங்கன்னே தெரிஞ்சுது. அந்த மாலையில ஒரு எறும்பு வேற."

மோகனப்பிரியா சிரித்துவிட்டாள். புவனாவும்.

"மூணாவதுன்னு வெளிய பேசிக்கிட்டாங்க. நெசமா?"

"ஆமாங்க. பாதியில கரண்டு போயிருச்சு. அந்த ஊருப் புள்ளைங்க நெறைய அடிச்சிருந்தாங்க, சேமிக்கலை. எல்லாம் போச்சு. எங்க இன்ஸ்டிட்யூட்டுக்குப் பக்கத்துல எண்ணெய் மில்லுங்க. மோட்டார் போட்டாலே கம்ப்யூட்டர் அணைஞ்சிரும். ரெண்டு வரி அடிச்சாச் சேமிக்கற பழக்கம் எனக்கு. எனக்கு ஒரே ஒரு வரிதான் போச்சு."

"அட. நான் டைப்பு லோயர் பாஸுங்க. அதுல கரண்டே வேண்டாம்." புவனா கழுத்திலிருந்த கெட்டி ஆரத்தைக் கழற்றித் தலையணைமேல் போட்டாள். காலை நீட்டிப் பாயில் இடம் விட்டுத் தட்டினாள். "இப்படி வந்து உக்காருங்க. கரண்டு வந்தப்பறம் என்ன பண்ணுனீங்க, அதச் சொல்லுங்க."